படம் முழுக்க நீலம், பாகம் மட்டும் வளைகிறது: கூலிங் சிமுலேஷனில் பிழை தேடுவது எப்படி?

இன்ஜெக்‌ஷன் மோல்டு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்திப் பாகம் வார்க்கும் எஃகு அச்சு, எப்படி ஆறும் என்று கணினியில் பார்ப்பதுதான் கூலிங் சிமுலேஷன். அதை ஓட்டுபவர்களுக்கு இரண்டு வகைத் தொல்லை வரும். முதல் வகையில் மென்பொருள் பாதி வழியிலேயே நின்று, சிவப்பு எழுத்தில் எதையோ சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் இது நல்ல தொல்லை. எங்கேயோ தப்பு என்று தெரிந்துவிடுகிறது, தேடினால் அகப்பட்டுவிடும். இரண்டாவது வகையில் கணக்கு கடைசிவரை ஓடும், மோல்டு முழுக்க இதமான நீலத்தில் படம் வரும், மோல்டையும் வெட்டிவிடுவார்கள். மெஷினில் ஏற்றி முதல் பாகம் கையில் விழும்போது பக்கச் சுவர்கள் உள்ளே சாய்ந்திருக்கும். பணமும் நேரமும் போவது இதில்தான்.

இரண்டுக்கும் வேர் அநேகமாக ஒரே இடத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி நாம் மென்பொருளிடம் என்ன சொன்னோம் என்பதுதான் அது. பலரும் முதலில் மெஷ்ஷைத்தான் (கணக்குக்காக வடிவத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்த வலையைத்தான்) சந்தேகப்படுகிறார்கள், அதை நுணுக்கி நுணுக்கி இரண்டு நாளைக் கழிக்கிறார்கள். மெஷ்ஷிலும் பிழை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் கணக்கைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். முதலில் அதை முடித்துவிடுவது நல்லது.

கூலிங்குக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிளில், அதாவது ஒரு பாகத்தை வார்த்து வெளியே தள்ளும் சுற்றில், பாதிக்கு மேற்பட்ட நேரம் பாகம் ஆறுவதற்கே போகிறது. அந்த நேரம் சுவர்த் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். கையால் போடுகிற பழைய சூத்திரம் ஒன்று உண்டு: தடிமனின் வர்க்கத்தை, பை (π) எண்ணின் வர்க்கத்தாலும் பிளாஸ்டிக்கின் வெப்பப் பரவல் எண்ணாலும் வகுத்து, வெப்பநிலை விகிதத்தின் மடக்கையால் பெருக்குவது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 230 டிகிரியில் உள்ளே போகிறது, மோல்டுப் பரப்பு 50 டிகிரி, பாகத்தின் நடுப்பகுதி 90 டிகிரிக்கு வந்ததும் வெளியே தள்ளலாம் என்று வைத்தால், 2 மி.மீ. சுவருக்குச் சுமார் 8 விநாடி வரும். 3 மி.மீ. சுவருக்கு 18 விநாடி. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. சுவருக்கு சிமுலேஷன் 35 விநாடி என்றோ 3 விநாடி என்றோ சொன்னால், அது மோல்டின் குணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நாம் உள்ளிட்டதில் ஏதோ கோளாறு.

கணக்கு நின்றுபோனால்

மென்பொருள் குளிர்நீர்ப் பாதையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழைச் செய்திகள் தானாகப் புரியும். வழக்கமான முறையில், துளையிட்ட பாதை அதற்கு ஒரு கோடுதான். அந்தக் கோட்டுக்கு விட்டம் என்று ஓர் எண் இருக்கும். கோடுகள் துண்டு துண்டான பீம்களாகப் பிரிந்து, நோடு என்னும் புள்ளிகளில் சேரும். இந்த முறையில் மோல்டின் எஃகுக்குள் மெஷ் போடுவதில்லை, பரப்புகளை மட்டும் வைத்து ஒரு முழு சைக்கிளின் சராசரி வெப்பநிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். புதிய முறையில் மோல்டு, அதில் தனியாகப் பொருத்தும் துண்டான இன்சர்ட், பாதை எல்லாவற்றுக்கும் முப்பரிமாண மெஷ் போட்டு, நேரத்தோடு மாறுகிற வெப்பநிலையைக் கணக்கிடலாம். இரண்டாவது முறை அதிக நேரம் கேட்கும், நினைவகத்தையும் விழுங்கும்.

கோட்டு முறையில் அடிக்கடி வரும் பிழை, சர்க்யூட் (தண்ணீர் நுழைந்து வெளியேறும் முழுப் பாதை) தொடர்பற்று இருக்கிறது என்பது. திரையில் பார்த்தால் இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கேட் (CAD) வரைபடத்திலிருந்து கொண்டுவந்தபோது ஒன்றின் முனை இன்னொன்றிலிருந்து 0.02 மி.மீ. தள்ளி நிற்கும், அல்லது ஒரே இடத்தில் இரண்டு நோடு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை அங்கே தண்ணீர் போக வழியில்லை. இரண்டு நோடுகளையும் இணைத்தால் முடிந்தது. குறுக்குத் துளையை அடைப்பதற்காகப் போட்ட பிளக்கை மாடலில் மறந்துவிடுவதும் உண்டு. அப்போது, கேட்பாரற்ற ஒரு கிளை முட்டுச் சந்தாக நின்றுவிடும், அல்லது தண்ணீர் நாம் நினைக்காத குறுக்குவழியில் போய்விடும்.

சரி, எல்லா நோடுகளையும் ஒரே சொடுக்கில் இணைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பேஃபிள் கடிக்கும். பேஃபிள் என்பது கோருக்குள் (பாகத்தின் உள்பக்கத்தை உருவாக்கும் மோல்டுப் பகுதிக்குள்) குத்துத் துளை போட்டு, நடுவில் ஒரு தகட்டை நிறுத்தி, தண்ணீரை ஒரு பக்கம் ஏறவும் மறுபக்கம் இறங்கவும் வைப்பது. மாடலில் அது இரண்டு பீம்: ஏறும் கோடு, இறங்கும் கோடு. இரண்டும் நுனியில் மட்டும்தான் சேர வேண்டும், அடிப்பகுதியில் மயிரிழை இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இணைக்கும் தூரத்தை அந்த இடைவெளியைவிடப் பெரிதாகக் கொடுத்தால் அடி நோடுகளும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பேஃபிளுக்குள் ஏறாமலேயே தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கோர் நுனி மட்டும் காரணமில்லாமல் கொதிக்கும்.

பேஃபிளைச் சாதாரணப் பாதை என்று குறித்துவிடுவதும் நடக்கும். ஏறும் பாதிக்கும் இறங்கும் பாதிக்கும் துளைச் சுவரில் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கிறது. அதனால் ஒவ்வொன்றுக்கும் வெப்பம் வாங்கும் திறன் 0.5 என்று வைக்க வேண்டும். பப்ளரில், அதாவது துளைக்குள் ஒரு குழாயை நிறுத்தி அதன் வழியே தண்ணீரை ஏற்றிச் சுற்றிலும் இறங்கவைக்கும் அமைப்பில், உள்குழாய் எஃகைத் தொடுவதே இல்லை, அதற்கு 0. வெளி வளையத்துக்கு 1. மோல்டுக்கு வெளியே போகும் ஹோஸுக்கும் 0. இந்த எண்களைக் கவனிக்காமல் விட்டால், அறைக்குள் தொங்கும் ரப்பர் ஹோஸ் உங்கள் கேவிட்டியை, பாகத்தின் வெளிப்பக்கத்தை வார்க்கும் குழியை, குளிரவைப்பதாகக் கணக்கு வரும்.

விடை நிலைக்கு வராமல் கணக்கு தடுமாறிக்கொண்டே இருந்தால் இடைவெளிகளைப் பாருங்கள். பாதை பாகத்தின் பரப்பை உரசுகிறதா, இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா, பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னுக்குள் புகுந்து போகிறதா என்று. நடைமுறையில் பாதையின் விட்டம் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். பாகத்திலிருந்து அதன் தூரம் விட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. பாதைக்குப் பாதை மூன்று மடங்கோ அதற்குச் சற்று மேலோ. இதைவிட மிக நெருங்கினால் கணக்கும் தடுமாறும், மோல்டும் விரிசல் விடும். முப்பரிமாண முறையில் வேறு மாதிரிச் சிக்கல்: இன்சர்ட்டும் அதைத் தாங்கும் மோல்டு பேஸும் தொடும் இடத்தில் இரண்டு பக்க மெஷ்ஷும் பொருந்தாமல் போவது. பொருந்தாத இடத்தில் வெப்பம் தாண்டாது, அங்கே காற்றடைத்த சுவர் இருப்பதுபோல ஆகிவிடும்.

கணக்கு ஓடி முடிந்தால்

இப்போது நீலப் படத்துக்கு வருவோம். நிற அளவுகோலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு மெல்லிய கோர் பின்னின் நுனி 110 டிகிரியில் இருந்தால், அளவுகோல் 30 முதல் 110 வரை தானாக விரிந்துகொள்ளும். கேவிட்டியில் 45, கோரில் 58 என்ற வித்தியாசம் நீலத்தின் இரண்டு சாயல்களாக அதற்குள் கரைந்துவிடும். பாகத்தை வளைக்கப் போவது அந்த 13 டிகிரிதான். மேல் எல்லையைக் கையால் 65க்கு இறக்கினால் அதே படம் வேறு கதை சொல்லும்.

பெட்டி வடிவப் பாகத்தின் உள் மூலையை மட்டும் அருகில் போய்ப் பாருங்கள். அங்கே கோரின் முனை இரண்டு சுவர்களிலிருந்தும் வெப்பத்தை வாங்குகிறது. வாங்கியதைக் கடத்திவிட அந்த முனையில் எஃகு கொஞ்சம்தான். எதிரே கேவிட்டிப் பக்கம் எஃகு தாராளமாக இருக்கிறது. அதனால் மூலையின் உள்பக்கம் கடைசியில் ஆறி, கடைசியில் சுருங்கி, இரண்டு சுவர்களையும் உள்ளே இழுக்கிறது. முதல் பத்தியில் பாகம் உள்ளே சாய்ந்து விழுந்ததற்குக் காரணம் இதுதான். தனித்தனி வெப்பநிலைப் படங்களைவிட, சுவரின் இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் படத்தை நான் முதலில் திறப்பதும் இதனால்தான்.

அடுத்து லாக் ஃபைல், அதாவது மென்பொருள் எழுதிவைக்கும் பதிவு. வண்ணப் படம் இருக்கும்போது இதை யாரும் திறப்பதில்லை என்பது ஒரு சோகம். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஓட்ட அளவு, ரேனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பதா என்று காட்டும் எண்), அழுத்த இழப்பு, நீர் எவ்வளவு சூடேறியது, எவ்வளவு வெப்பத்தை எடுத்தது என்ற அட்டவணை அதில் இருக்கும். அதைக் கைக்கணக்கோடு ஒப்பிடலாம். 100 கிராம் ஏ.பி.எஸ். 230 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஆறும்போது சுமார் 31 கிலோஜூல் வெளியேறும். சைக்கிள் 20 விநாடி என்றால் அது ஏறக்குறைய 1.6 கிலோவாட். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர், ஒரு டிகிரி சூடேற 70 வாட் வாங்கும். இரண்டு சர்க்யூட்டில் தலா 5 லிட்டர் ஓடினால், தண்ணீர் இரண்டே கால் டிகிரி சூடேறி வெளியே வர வேண்டும். லாக் ஃபைல் 0.3 டிகிரி என்கிறதா? வெப்பம் தண்ணீருக்கு வந்து சேரவில்லை. 9 டிகிரி என்கிறதா? ஓட்டத்தையோ ஷாட் எடையையோ (ஒரு தடவை செலுத்தும் பிளாஸ்டிக்கின் எடையையோ) தப்பாகக் கொடுத்திருக்கிறோம். பிளாஸ்டிக்கை உருகிய நிலையிலேயே கொண்டுவரும் ஹாட் ரன்னர் இருந்தால் அதன் ஹீட்டர்கள் கொட்டும் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். அதை மாடலில் சேர்க்காமல், மோல்டின் நகராத பாதி நிஜத்தில் ஏன் இவ்வளவு சூடு என்று தலையைச் சொறிந்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு சர்க்யூட் எடுத்த வெப்பம் எதிர்மறை எண்ணாக வந்தால் பதற வேண்டாம். பாகத்திலிருந்து தூரத்தில் இருக்கும் சூடான நீர்ப் பாதை மோல்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அப்படி ஒரு பாதை தேவையா என்பது வேறு கேள்வி.

ரேனால்ட்ஸ் எண் என்னும் கண்ணி

10 மி.மீ. துளையில் 20 டிகிரித் தண்ணீர் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ரேனால்ட்ஸ் எண் 10,600 வரும். 4,000க்கு மேல் ஓட்டம் கொந்தளிக்கும், 10,000 என்றால் கவலையே இல்லை என்பது எல்லோருக்கும் பாடம். அதனால் நீர் நுழையும் இடத்தில் ஓட்ட அளவுக்குப் பதிலாக ரேனால்ட்ஸ் எண் 10,000 என்றே கொடுத்துவிடுகிறோம். முடிவில் அட்டவணையைத் திறந்து, ஆஹா, எல்லாம் 10,000 என்று மகிழ்கிறோம். கேள்வித்தாளில் நாமே விடையை எழுதிவைத்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்குவது மாதிரி.

அந்த எண்ணை எட்டத் தேவையான தண்ணீர் கையில் இருக்கிறதா என்று மென்பொருள் கேட்காது. எட்டு சர்க்யூட் என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். பம்ப் 20 லிட்டர்தான் தரும் என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டரை லிட்டர். இணைப் பாதைகளாக இருந்தால் அதுகூடச் சமமாகப் பிரியாது. எதிர்ப்பு குறைந்த கிளை அள்ளிக்கொள்ளும், கடைசிக் கிளையில் தண்ணீர் நடைபோடும். தண்ணீர் உறையாமல் தடுக்கும் கிளைக்கால் (glycol) 30 சதவீதம் கலந்திருந்தால் 20 டிகிரியில் ரேனால்ட்ஸ் எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாறாக 60 டிகிரி வெந்நீர் என்றால் பாகுநிலை குறைந்து, அதே 10,000க்கு இரண்டரை லிட்டருக்கும் குறைவாகவே போதும். எனவே பம்பும், தண்ணீரைக் கிளைகளுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டும் உண்மையில் தருகிற ஓட்ட அளவை லிட்டரில் கொடுங்கள். அல்லது அழுத்தத்தைக் கொடுங்கள். ரேனால்ட்ஸ் எண் விடையாக வரட்டும்.

கொந்தளிப்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இதை எஃகு மில்லிமீட்டரில் மாற்றிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். பாகத்துக்கும் பாதைக்கும் நடுவே 15 மி.மீ. எஃகு இருக்கிறது என்று வைப்போம். வெப்பம் அதைக் கடந்த பிறகு, துளைச் சுவரிலிருந்து தண்ணீருக்குத் தாவ வேண்டும். ரேனால்ட்ஸ் எண் 10,000இல் அந்தத் தாவல் தருகிற தடை, கூடுதலாக 6 மி.மீ. எஃகு வைத்ததற்குச் சமம். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் 6 என்பது மூன்றரை ஆகும், அதாவது மொத்தம் 21 இருந்தது 18.5 ஆகிறது. அதற்குப் பம்ப் மூன்று நான்கு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், பெரிய லாபமில்லை. ஆனால் ஓட்டம் மெதுவாகிச் சீர் ஓட்டமாக விழுந்துவிட்டால் அந்த 6 மி.மீ., 120 மி.மீ.க்கு மேல் போய்விடும். கொந்தளிப்புக்கு மேலே துரத்துவதில் பயன் கொஞ்சம், அதற்குக் கீழே விழுந்தால் சேதம் பெரிது. பாதையின் உள்ளே 1 மி.மீ. உப்பு படிந்திருந்தால் அதுவே 15 மி.மீ. எஃகுக்குச் சமம். சிமுலேஷனில் இருப்பது எப்போதுமே அப்போதுதான் துளையிட்ட பளபளப்பான புதுப் பாதை.

பிழை எங்கே என்று தெரியாதபோது நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. வேறு எதையும் தொடாமல், நீரின் நுழைவு வெப்பநிலையை மட்டும் 10 டிகிரி ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். மோல்டுப் பரப்பின் வெப்பநிலை கிட்டத்தட்ட அதே அளவு, ஒன்பது டிகிரிக்குக் குறையாமல், ஏற வேண்டும். ஓர் இடம் மட்டும் இரண்டு டிகிரி ஏறி நின்றுவிட்டால், அந்த இடத்தைக் குளிர்விப்பதாக நாம் நம்பும் சர்க்யூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டிப்போன பேஃபிளும் பொருந்தாத இன்சர்ட்டும் இதில் மாட்டிக்கொள்ளும்.

வெப்பநிலையைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. பிளாஸ்டிக் தரவுத்தாளில் மோல்டு வெப்பநிலை 50 என்று இருந்தால், அது பிளாஸ்டிக் தொடும் பரப்பின் வெப்பநிலை. அதையே நீரின் வெப்பநிலையாகப் போட்டுவிட்டு, பரப்பும் 50 இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால் எந்த சைக்கிளாலும் அது முடியாது. வித்தியாசம் இல்லாமல் வெப்பம் நகராது. தண்ணீர் பொதுவாகப் பரப்பைவிடப் பத்து, இருபது டிகிரி கீழே இருக்க வேண்டும். ஆறும் நேரத்தை மென்பொருளையே கண்டுபிடிக்கச் சொன்னாலும் கவனம் தேவை. பாகம் முழுவதும் உறைய வேண்டும் என்று கேட்டால், ஏதோ ஒரு தடித்த ஸ்க்ரூ பாஸின் (திருகு இறங்கும் மேட்டின்) நடுப்புள்ளிக்காக மொத்த சைக்கிளும் ஒரு நிமிடத்துக்கு நீளும். அந்தப் புள்ளி உறையாமலே பாகத்தை வெளியே தள்ளலாம் என்பது அனுபவமுள்ள ஆபரேட்டருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால்

இவ்வளவும் சரி, இருந்தும் நிஜம் ஒத்துவரவில்லை என்றால் எழுந்து போய் மோல்டின் பக்கத்தில் நில்லுங்கள். ஹோஸ்களை எண்ணுங்கள். வரைபடத்தில் எட்டு தனி சர்க்யூட் இருக்கும், மெஷினில் ஒன்றின் வாயை அடுத்ததன் வாயோடு ஹோஸால் கோத்து, இரண்டே சுற்றாக ஆக்கியிருப்பார்கள். மேனிஃபோல்டில் அவ்வளவு வாய் இல்லை, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கடைசிச் சர்க்யூட்டுக்கு வரும் தண்ணீர், வழியில் மூன்று இடத்து வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது. அப்புறம் ஹோஸை மாட்டும் நிப்பிளைக் கழற்றிப் பாருங்கள். 10 மி.மீ. பாதையின் வாயில் 6 மி.மீ. ஓட்டையுள்ள நிப்பிள் மாட்டியிருக்கும். ஒரே ஓட்டத்துக்கு, ஒரே நீளத்துக்கு, 6 மி.மீ. குழாயில் அழுத்த இழப்பு 10 மி.மீ. குழாயைப் போல 13 மடங்கு. ஒரு வாளியும் கடிகாரமும் போதும்: ஒவ்வொரு சர்க்யூட்டின் வெளி ஹோஸையும் வாளியில் விட்டு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து, அந்த எண்ணை சிமுலேஷனில் போடுங்கள். சுற்றுகளையும் மெஷினில் இருப்பதுபோலவே கோத்துவிடுங்கள். பாதி மர்மம் இதிலேயே தீர்ந்துவிடும்.

மோல்டுப் பரப்பை அளப்பதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்ட கணத்தில் எஃகின் தோல் பத்து டிகிரி அளவுக்குத் துள்ளி ஏறி, பிறகு மெல்ல இறங்குகிறது. கோட்டு முறை தருவது முழு சைக்கிளின் சராசரி. மோல்டு திறந்து, பாகம் விழுந்து, கை உள்ளே போய் அளக்கும்போது கிடைப்பது வேறொரு கணத்தின் எண். இரண்டும் மூன்று நான்கு டிகிரி விலகினால் அதைப் பிழை என்று துரத்த வேண்டாம். தடித்த பாகம், மெலிந்த நீளமான கோர், அல்லது ஒவ்வொரு சைக்கிளிலும் மோல்டைச் சூடாக்கிக் குளிர்விக்கும் முறை என்றால், சராசரியை விட்டுவிட்டு நேரத்தோடு மாறும் கணக்கையே ஓட்டுவது மேல்.

அளப்பதற்கு அகச்சிவப்புக் கேமரா வைத்திருப்பவர்கள் பளபளப்பான கேவிட்டியை நேராகப் படம் பிடித்து, சிமுலேஷன் தப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெருகேற்றிய எஃகு தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிர்வீசும். கேமராவில் தெரிவதில் பெரும்பங்கு, அதில் பிரதிபலிக்கும் அறையின் வெப்பம். அளக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, டேப்பின் வெப்பநிலையைப் படியுங்கள். டேப் இல்லையென்றால் தொட்டு அளக்கும் பைரோமீட்டரை எடுங்கள். மோல்டு திறந்து எத்தனையாவது விநாடியில் அளந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.